மக்கு எது, மக்கும் எது

என் கொழுந்தியாளை அந்தத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெரியவர்களுக்கு அவள் விசில், சின்னவர்களுக்கு விசிலக்கா. பெற்றவர்கள் வைத்த பேரை என் பெண்டாட்டி கோபம் வந்தால் மட்டும் எடுப்பாள். அப்போதும் இவள் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

முன்னே அவள் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். படியில் தொங்குகிறவனைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போடுகிற ரகம். கம்பெனிக்காரன் வண்டிகளை விற்றுவிட்டு ஷட்டரை இறக்கின நாளில் மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். இவள் பையைக் கொடுத்தாள், டிக்கெட் மெஷினைக் கொடுத்தாள், கழுத்தில் கிடந்த விசிலை மட்டும் கொடுக்கவில்லை. "என் எச்சில் பட்டது, வேற எவனுக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அதற்கப்புறம் ஒரு மாடிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை. மாடிப்படிக்கு அடியில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்திலேயே ஓர் அறை கொடுத்திருந்தார்கள். மோட்டார் ஓடினால் கட்டில் ஆடும். என் சகலை சரக்கு லாரி ஓட்டுகிறவன். வீட்டுக்கு வந்தால் டம்ளர் எங்கே இருக்கிறது என்று கேட்கிற அளவுக்கு விருந்தாளி. அதனால் பாதி வழியில் நிற்கிற லிஃப்டைத் தட்டி இறக்குவதும், மொட்டை மாடியில் அடைத்துக்கொள்கிற குழாயைக் குத்தி விடுவதும், குடியிருக்கிறவர்களுக்குள் துணி காயப்போடுவதில் வருகிற சண்டையைத் தீர்ப்பதும் அவள் ஒருத்திதான்.

நான் குப்பை வண்டி ஓட்டுகிறவன். அவள் கட்டடம் என் லைனில் வருகிறது. மற்ற கட்டடங்களில் ஹாரன் அடித்து அடித்துக் கை வலிக்கும், ஒருத்தர் இறங்கி வர மாட்டார். இங்கே என் வண்டி முனை திரும்பும்போதே ஒரு நீள விசில் கேட்கும். பல் துலக்குகிறவர் நுரையோடு வருவார், போனில் பேசுகிறவர் பேசிக்கொண்டே வருவார், எல்லோர் கையிலும் டப்பா இருக்கும். "உள்ள போ, உள்ள போ, இடம் இருக்கு, வழியில நிக்காதே" என்று வரிசை கட்டுவாள். எல்லாம் ஏற்றி முடிந்ததும் வண்டியின் பின்பக்கத்தைக் கையால் தட்டி, இரண்டு சின்ன விசில். ரைட். அந்தச் சத்தம் கேட்காமல் என் கால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காது. பழகிப் போயிற்று.

இப்போது விதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. வீட்டுக்கு மூன்று டப்பா. பச்சையில் மக்கும் குப்பை, அதாவது மண்ணோடு மண்ணாகிப் போகிற தோல், இலை, முட்டை ஓடு. நீலத்தில் மக்காத குப்பை. பிளாஸ்டிக், பாட்டில், டின். சிவப்பில் குழந்தையின் டயப்பர், பிளேடு, ஃபியூஸ் போன பல்பு. ஒன்றில் ஒன்று கலந்திருந்தால் நான் எடுக்கக் கூடாது. டப்பாவில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். "கலப்புக் குப்பை. எடுக்கப்படாது" என்று அதில் அச்சடித்திருக்கும். அந்தப் பசை சாதாரணப் பசை இல்லை. ஒரு வீட்டு கேட்டில் தவறி ஒட்டினது, கேட்டுக்கு இரண்டாம் முறை பெயிண்ட் அடித்த பிறகும் உள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நாலாவது மாடிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி குடிவந்தார்கள். அவர் காற்றாலைக் கம்பங்களை நட்டு நிறுத்துகிற வேலை, ஊர் ஊராகப் போய்விடுவார். அந்த அம்மா கைக்குழந்தையோடு வீட்டில். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வருகிற உயரம். விசில் பார்த்த அன்றைக்கே நெட்டை என்று பேர் வைத்துவிட்டாள். அந்த அம்மாவுக்கும் அது தன்னை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல் என்று தோன்றியிருக்க வேண்டும். கூப்பிட்டால் முகமெல்லாம் சிரிப்பு.

வந்த புதிதிலேயே அவர்கள் பச்சை டப்பாவைத் திறந்தேன், பிளாஸ்டிக் கண்ணில் பட்டது, ஸ்டிக்கரை ஒட்டினேன். விசில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

"மாமா, உங்க கையில இருக்கிறது பசையா, கொழுப்பா?"

ரூல் ரூல்தான் என்றேன். அக்காவிடம் சொல்லி ராத்திரிச் சாப்பாட்டுக்கும் ஒரு ரூல் போடச் சொல்வதாகச் சொன்னாள். சொன்னதைச் செய்தும் விட்டாள். அன்றைக்கு எனக்கு ரொட்டியும் தண்ணீரும்தான்.

அடுத்த வாரமும் அதே கதை. இந்தத் தடவை ஓனர் இறங்கி வந்துவிட்டார். முதல் மாடியிலேயே இருக்கிறவர், சட்டையில் மடிப்புக் கலையாத மனிதர். ஸ்டிக்கர் ஒட்டின டப்பா வாசலில் நின்றால் கட்டடத்துக்கே கெட்ட பேர் என்று ஆரம்பித்து, அடுத்த வாரம் குப்பை வண்டி சூப்பர்வைசரே நேரில் வருகிறார், அவர் முன்னால் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டினால் நாலாவது மாடியைக் காலி பண்ணச் சொல்லிவிடுவேன் என்று முடித்தார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, புருஷன் எங்கோ மலையில் கம்பத்தில் ஏறி நிற்கிற நேரத்தில், வீடு தேடிப் போக வேண்டியதுதான். நெட்டைக்கு ஒன்றும் புரியவில்லை. ஓனர் முகத்தைப் பார்த்து நல்ல சேதி இல்லை என்று மட்டும் புரிந்திருக்கிறது. குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

விசில் நடுவில் போய் நின்றாள். "அவங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா சார்? நம்ம பாஷையில எழுதின நோட்டீஸை ஒட்டிட்டா ஆச்சா? நான் சொல்லித் தரேன். அப்பவும் தப்பு வந்தா என்னையும் சேர்த்து அனுப்புங்க."

அவளுக்கு இதுதான் வியாதி. வாய் முன்னே போகும், யோசனை அடுத்த பஸ்ஸில் வரும்.

என் லீவு நாளில் பெண்டாட்டி ஒரு போர்வையைக் கொடுத்து, தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். போனால் விசில் படியேறிக்கொண்டிருக்கிறாள். "நல்ல வேளை வந்தீங்க, கூட ஒரு ஆள் வேணும்" என்று என்னையும் இழுத்துக்கொண்டாள். லிஃப்ட் வழக்கம்போல இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் தூங்கிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்க மேலே போய் மணி அடித்தோம். நெட்டை கதவைத் திறந்து, என்னைப் பார்த்து மலர்ந்து சிரித்து, நாற்காலியைக் காட்டிச் சொன்னாள்:

"உட்காரு. வாயை மூடு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. திரும்பி நடக்கப் பார்த்தேன், விசில் பனியனைப் பிடித்துக்கொண்டாள். "கோவிச்சுக்காதீங்க மாமா, அது உபசாரம்" என்றாள். எதிர் வீட்டில் ஒரு டியூஷன் வாத்தியார். சாயங்காலம் ஆனால் கூடம் நிறையப் பிள்ளைகள், அவர் குரல் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். நெட்டை நம் பாஷையைப் படித்தது முழுக்க அந்தச் சுவரிலிருந்துதான். அவர் உட்காரு என்ற கையோடு வாயை மூடு என்பார். இரண்டும் ஒரே சொல் என்று இவள் பிடித்துக்கொண்டாள். விசிலை முதல் தடவை பார்த்தபோது "கையை நீட்டு" என்றாளாம். இவளும் நீட்டினாளாம், அதில் ஒரு பிஸ்கட் வைத்தாளாம்.

சமையலறைக்குப் போனோம். குப்பையைப் பார்த்தால் அந்த வீட்டுச் சங்கதியைச் சொல்லிவிடுவேன், அத்தனை வருஷத் தொழில். அந்த டப்பாக்களைத் திறந்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பால் கவரைக் கழுவி, காயவைத்து, மடித்துப் போட்டிருக்கிறாள். பாட்டிலும் மூடியும் தனித்தனி. தோல் ஒரு டப்பாவில், அதில் மருந்துக்குக்கூட ஒரு பிளாஸ்டிக் துணுக்கு இல்லை. என் லைனில் இவ்வளவு சுத்தமாகப் பிரித்த குப்பையை நான் பார்த்ததே இல்லை. ஆனால் பிளாஸ்டிக் எல்லாம் பச்சையில், தோல் எல்லாம் நீலத்தில். கலப்பே கிடையாது. தலைகீழ், அவ்வளவுதான்.

"விசிலு, இந்த அம்மா கலக்கலை. மாத்தி வச்சிருக்கு."

"அது எப்படி? ரெண்டு கையாலயும் தொட்டுக் காட்டினேனே." விசில் ஓர் ஆரஞ்சுத் தோலை எடுத்து, பச்சை டப்பாவைத் தட்டி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "இது, மக்கும்."

நெட்டைக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோலை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "இல்லை. இது மக்கு இல்லை" என்று எங்களைப் பால்கனிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு வாளியில் மண், மண்ணுக்கு அடியில் தோல், மேலே தளதளவென்று ஒரு தக்காளிச் செடி. "இது புத்திசாலி" என்றாள் பெருமையாக. உள்ளே போய் உடைந்த பிளாஸ்டிக் ஹேங்கர் ஒன்றைக் கொண்டுவந்து, விரலால் தன் நெற்றியைத் தட்டினாள். "இது மக்கு. வேலை செய்யாது. படிக்காது."

நாங்கள் இரண்டு பேரும் பேந்தப் பேந்த விழித்தோம். அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டுச் சுவரிலிருந்து வாத்தியார் குரல் வந்தது. "மக்கு, மக்கு, எத்தனை தடவைடா சொல்றது."

நெட்டை சுவரைக் காட்டித் தலையாட்டினாள். சாட்சி.

விசில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு என்றால் சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்குகிறது, கண்ணில் தண்ணீர். நானும் சுவரைப் பிடித்துக்கொண்டேன். எல்லாரும் பச்சை டப்பாவைத் தட்டி மக்கும் குப்பை என்று சொன்னதைக் காதில் வாங்கி, மக்குக் குப்பை போலிருக்கிறது, எதற்கும் உதவாத சாமான் இதில் போகும் என்று முடிவு பண்ணியிருக்கிறாள். மறுபடி செடியாகிற தோல் எப்படி மக்காகும்? உலகம் அழிந்தாலும் அப்படியே கிடக்கிற பிளாஸ்டிக்தானே மக்கு? யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. டப்பா மட்டும்தான் தப்பு.

சிரித்து முடித்ததும் விசிலின் முகம் மாறியது. "மாமா, ஒரே ஒரு ம் எழுத்துக்காக ஒரு குடும்பம் வீட்டைக் காலி பண்ணணுமா?" என்றாள்.

முதலில் அவள் நடித்துக் காட்டினாள். தரையில் சுருண்டு படுத்துக் கண்ணை மூடினாள். அது தோல் அழுகுவதாம். அப்புறம் கையைக் காலை மெல்ல மெல்லப் பரப்பினாள், மண்ணாகிறதாம். நெட்டை ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவள் முகத்தில் தெளித்துவிட்டாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டே எழுந்தவள் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். தெருவில் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. விசிலை எடுத்து வாயில் வைத்தாள். அந்த வேகத்தைப் பார்த்ததும் எனக்கு ஜிவ்வென்று ஏறியது. பழைய கண்டக்டர் வந்துவிட்டாள்.

மூன்று டப்பாவையும் சமையலறை நடுவில் வரிசையாக இழுத்து வைத்தாள். "நெட்டை, இது பஸ்" என்றாள். பஸ் என்ற சொல் நெட்டைக்குத் தெரியும், குழந்தைக்கு ஊசி போட பஸ்ஸில்தானே போகிறாள். பச்சை பஸ் எங்கே போகும்? பால்கனிக்கு இழுத்துப் போய் வாளி மண்ணைத் தொட்டுக் காட்டினாள். மண். நீல பஸ்? புருஷனின் வேலைச் சட்டை கொடியில் தொங்கியது, அதைக் காட்டினாள். ஃபேக்டரி. சிவப்பு பஸ் எங்கேயும் நிற்காது, நேரே கடைசி ஸ்டாப். ஆரஞ்சுத் தோலைத் தூக்கிப் பிடித்தாள்.

"இவர் எங்க இறங்கணும்?"

நெட்டை தோலைப் பார்த்தாள், மூன்று டப்பாவையும் பார்த்தாள், பால்கனியைப் பார்த்தாள். உதடு அசைந்தது. "மண்" என்றாள்.

"அப்ப எந்த பஸ்?"

"பச்சை." சொன்னவள் தன் டப்பாக்களைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். இத்தனை நாளாக எல்லாரையும் தப்பு பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறோம் என்று அந்த நிமிஷம் புரிந்தது. என்னைப் பார்த்து, ஸ்டிக்கர் ஒட்டுகிற மாதிரி காற்றில் ஒரு அடி அடித்துக் காட்டினாள். ஆமாம் தாயே, அதற்குத்தான், என்றேன்.

அப்புறம் வீடே அமர்க்களப்பட்டது. அலமாரி, குளியலறை, கட்டிலுக்கு அடி, எங்கெங்கிருந்தோ சாமான் வந்தது. விசில் ஒவ்வொன்றாகத் தூக்குவாள், நெட்டை ஸ்டாப் பேரைக் கத்துவாள், நான் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். முட்டை ஓடு, மண். தகர டின், ஃபேக்டரி. டயப்பரைத் தூக்கினதும் கடைசி ஸ்டாப் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டாள். தப்பாகச் சொன்னால் விசில் அடிப்பாள். கொஞ்ச நேரத்தில் நெட்டையே விசிலைப் பிடுங்கி ஊத ஆரம்பித்துவிட்டாள். குழந்தை தொட்டிலில் கையைக் காலை உதைத்துக்கொண்டு கெக்கலித்தது. நான் பீங்கான் துண்டை எங்கே ஏற்றுவது என்று முழித்தபோது இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள்.

சத்தம் தாங்காமல் டியூஷன் வாத்தியார் வந்து கதவைத் தட்டினார். பின்னால் பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்கள். நெட்டை கதவைத் திறந்து, அதே மலர்ந்த சிரிப்போடு, "உட்காரு. வாயை மூடு" என்றாள். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் மாடிப்படி அதிர்ந்தது. வாத்தியார் திரும்பிப் போனார். அன்றைக்கு டியூஷன் அதோடு முடிந்தது.

சூப்பர்வைசர் வருகிற நாள் வந்தது. எங்கள் சூப்பர்வைசருக்கு டிப்போவில் உப்புத்தாள் என்று பேர். எதைத் தொட்டாலும் உரசித்தான் தொடுவார், சிரித்து யாரும் பார்த்ததில்லை. என் பக்கத்தில் கேபினில் உட்கார்ந்து வந்தார். நாலாவது மாடி என் காதிலும் விழுந்திருக்கு, ஸ்டிக்கரைத் தயாரா வச்சுக்கோ, என்றார். நீள விசில் கேட்டது.

கட்டடமே கீழே நின்றது. ஓனர் மடிப்புக் கலையாமல் முன்னால். வாத்தியாரும் வந்திருந்தார், கொஞ்சம் தள்ளி. நெட்டை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் டப்பாக்களுக்குப் பின்னால் நின்றாள். விசில் யாரையும் வரிசைப்படுத்தவில்லை, கத்தவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டு நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

உப்புத்தாள் கையுறை மாட்டினார். மற்ற வீடுகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நாலாவது மாடிக்கு வந்தார். சிவப்பைத் திறந்து மூடினார். நீலத்தில் கைவிட்டுக் கிளறினார், ஒன்றும் அகப்படவில்லை. பச்சையைத் திறந்து தோலை ஒவ்வொன்றாகப் புரட்டினார். என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். நான் ஸ்டிக்கரின் பின்தாளை உரித்துக் கையில் பிடித்துக்கொண்டேன்.

ஓர் ஆப்பிள் தோலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். அதில் கடைக்காரன் ஒட்டின சின்ன லேபிள், விரல் நகம் அளவுகூட இல்லை.

"இது பிளாஸ்டிக்" என்றார். "கலப்பு."

ஓனர் தொண்டையைச் செருமினார். விசிலின் கை விசிலை இறுகப் பிடித்தது. ஒட்டுடா என்று அவர் சொல்லிவிட்டால் ஒட்டித்தான் ஆக வேண்டும்.

நெட்டை குனிந்து அந்தத் தோலைப் பார்த்தாள். குழந்தையை விசில் கையில் கொடுத்தாள். சூப்பர்வைசர் கையிலிருந்து தோலை வாங்கி, லேபிளை நகத்தால் கிள்ளி எடுத்தாள். "இது மக்கு" என்றாள் அவரிடம், வருத்தப்படுகிற குரலில். "பஸ் மாறி ஏறிடுச்சு." லேபிளை நீலத்தில் இறக்கிவிட்டாள், தோலைப் பச்சையில் போட்டாள். அதோடு விடவில்லை. உப்புத்தாள் காதில் செருகியிருந்த பேனாவைக் காட்டி, அது தீர்ந்தால் ஃபேக்டரி பஸ் என்றாள். அவர் வாயில் மென்றுகொண்டிருந்த பல்குச்சியைக் காட்டி, இது மண், பச்சை பஸ், துப்பாதே என்றாள்.

அவர் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "யாரு சொல்லிக் கொடுத்தது இதெல்லாம்?"

நெட்டை விசிலைக் காட்டினாள். பெரிய மனிதர் நின்றுகொண்டே இருக்கிறாரே என்று அப்போதுதான் தோன்றியிருக்கிறது. படிக்கட்டைக் காட்டி, தலை குனிந்து, அன்போடு சொன்னாள்:

"உட்காரு. வாயை மூடு."

ஓனர் முகத்தில் ரத்தம் இல்லை. வாத்தியார் வானத்தைப் பார்த்தார். நான் ஓடிப்போய், சார், அது மரியாதை சார், அவங்க அப்படித்தான் கத்துக்கிட்டாங்க, என்று உளறினேன். உப்புத்தாள் என்னையும் பார்த்தார், நெட்டையையும் பார்த்தார். பிறகு அந்த முகத்தில் பல் தெரிந்தது.

"பரவாயில்லை, வீட்டிலயும் எனக்கு இதே மரியாதைதான்" என்றார். பல்குச்சியைப் பச்சை டப்பாவில் போட்டார். "ஸ்டிக்கரை உள்ள வை. எல்லாத்தையும் ஏத்து."

கட்டடமே ஓவென்று கத்தியது. ஓனர், நான் அப்பவே சொன்னேன் நல்ல குடும்பம் என்று, என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு படியேறிப் போனார். காலி பண்ணுகிற பேச்சு அதோடு போயிற்று. விசில் குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தாள். எனக்கும் அந்த நேரம் யாரையாவது தூக்கிப் போட்டுப் பிடிக்கலாம் போலத்தான் இருந்தது, கையில் பின்தாள் உரித்த ஸ்டிக்கர், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"கொடுங்க மாமா, நான் தூக்கிப் போட்டுடறேன்" என்று விசில் வாங்கிக்கொண்டாள். பாசமாக முதுகில் ஒரு தட்டு வேறு தட்டினாள். வண்டியின் பின்பக்கத்தில் ஒரு தட்டு, இரண்டு சின்ன விசில். ரைட்.

அன்றைக்கு லைன் முழுக்க ஒரே சிரிப்பு. நான் இறங்கின இடத்தில் எல்லாம் ஜனங்கள் சிரித்தார்கள். ஊருக்கே நல்ல நாள் போலிருக்கிறது என்று நானும் எல்லோருக்கும் கை காட்டினேன். உப்புத்தாள்கூட டிப்போ வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோளைக் குலுக்கிக்கொண்டே வந்தார். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றக் குனிந்ததும் என் பெண்டாட்டி பின்னாலிருந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"கலப்புக் குப்பை. எடுக்கப்படாது. யாரு ஒட்டினது?"

"உன் தங்கச்சி."

"சரியாத்தான் ஒட்டியிருக்கா."

சட்டையை ஊறவைத்தாள், தேய்த்தாள், வெந்நீரில் போட்டாள். அந்தப் பசையைத்தான் முன்னமே சொன்னேனே. அடுத்த வாரம் வீம்புக்கு அதே சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். இப்ப இது எந்த பஸ்ஸில போகும் சொல்லு என்று விசிலிடம் முதுகைக் காட்டினேன். அவள் நெட்டையைக் கூப்பிட்டாள்.

நெட்டை குனிந்து துணியைத் தொட்டுப் பார்த்தாள். "சட்டை புத்திசாலி" என்றாள். ஸ்டிக்கரைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது மக்கு" என்றாள். அப்புறம் சட்டைக்குள் இருக்கிற என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பச்சையா, நீலமா என்று யோசிக்கிற பார்வை. நல்ல வேளையாக அதற்குள் விசில் வண்டியைத் தட்டிவிட்டாள்.